வரவு மதிப்பீடு பொய்த்தால் பாரம் யார் தலையில்? 2019 பட்ஜெட்டை முன்வைத்து ஒரு விவாதம்

காவிரிக்கரை எழுதியது:

பட்ஜெட் நாளன்று எல்லோரும் செலவுப் பக்கத்தைத்தான் பேசுகிறோம். எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு, எந்தப் பொருள் விலை ஏறும் என்பதோடு முடித்துவிடுகிறோம். வரவுப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறவர்கள் மிகக் குறைவு. நான் மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் நடத்துகிறேன். போன வாரம் ஒரு பாடத்துக்காக இரண்டு ஆவணங்களை மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதிலிருந்து மனம் ஆறவில்லை.

ஒன்று, 2019 ஜூலை 4 அன்று நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட பொருளாதார ஆய்வறிக்கை. மற்றொன்று, மறுநாள் ஜூலை 5 அன்று நிர்மலா சீதாராமன் தாக்கல் செய்த பட்ஜெட். இரண்டும் ஒரே நிதி அமைச்சகத்திலிருந்து வந்தவை. 2018-19இல் மாநிலங்களின் பங்கு போக மத்திய அரசுக்கு நின்ற நிகர வரி வருவாய் எவ்வளவு? ஆய்வறிக்கையின்படி சுமார் 13.17 லட்சம் கோடி ரூபாய். பட்ஜெட்டின்படி 14.84 லட்சம் கோடி. ஒரே இரவில் 1.67 லட்சம் கோடி ரூபாய் கூடியிருக்கிறது.

காரணம் எளிது. பட்ஜெட்டில் இருந்தது பிப்ரவரியில், ஆண்டு முடியும் முன்பே போட்ட திருத்திய மதிப்பீடு. ஆய்வறிக்கையில் இருந்தது மார்ச் 31க்குப் பிறகு உண்மையில் வந்து சேர்ந்த பணத்தின் தற்காலிகக் கணக்கு. ஜூலை மாதத்தில் உண்மைக் கணக்கு கையில் இருந்தது. ஆனாலும் பழைய எண்ணையே அச்சிட்டார்கள். திருத்திய மதிப்பீட்டோடு ஒப்பிடுவதுதான் வழக்கம் என்று அரசு விளக்கம் சொன்னது. அப்போது பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழுவில் இருந்த ரதின் ராயே இந்த இடைவெளியை வெளிப்படையாகச் சுட்டிக்காட்டினார்.

இது வெறும் அச்சு விவகாரம் இல்லை. 2019-20க்கு, மாநிலங்களின் பங்கையும் சேர்த்த மொத்த வரி வருவாய் 24.61 லட்சம் கோடி வரும் என்று கணித்தார்கள். முந்தைய ஆண்டின் திருத்திய மதிப்பீடான 22.48 லட்சம் கோடியோடு ஒப்பிட்டால் ஒன்பதரை சதவீத வளர்ச்சி. யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். ஆனால் அந்த முந்தைய ஆண்டில் உண்மையாக வந்தது 20.80 லட்சம் கோடி. அதோடு ஒப்பிட்டால் 18 சதவீதத்துக்கும் மேல் வளர வேண்டும்! அடித்தளமே இல்லாத இடத்தில் மாடி கட்டியிருக்கிறார்கள்.

கடைசியில் 2019-20இல் வந்தது 20.10 லட்சம் கோடி. கணித்ததைவிட நாலரை லட்சம் கோடி குறைவு. முந்தைய ஆண்டின் வசூலைக்கூட எட்டவில்லை.

இந்த நாலரை லட்சம் கோடி யார் வீட்டில் குறைந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

---

ஐயம் எழுதியது:

மதிப்பீடு என்றாலே தவறக்கூடியதுதான். 2019 செப்டம்பர் 20 அன்று கம்பெனி வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைத்தார்கள். அது ஜூலை பட்ஜெட் போடும்போது யாருக்கும் தெரியாது. பிறகு கொரோனா. இதையெல்லாம் முன்கூட்டியே சொல்ல யாரால் முடியும்? எண்ணைப் போட்டவர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை.

---

காவிரிக்கரை எழுதியது:

நியாயமான கேள்வி, அதனால் கணக்கோடு பதில் சொல்கிறேன். கம்பெனி வரிக் குறைப்பால் 1.45 லட்சம் கோடி போகும் என்று அரசே சொன்னது. அதை முழுதாகக் கழித்துவிட்டாலும் மூன்று லட்சம் கோடி மிச்சம் நிற்கிறது. கொரோனா ஊரடங்கு மார்ச் 25 அன்று வந்தது. அந்த நிதியாண்டில் எஞ்சியது ஒரே வாரம்.

பட்ஜெட்டில் விலைவாசியும் சேர்ந்த பொருளாதார வளர்ச்சி 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டார்கள். வந்தது 8 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. மந்தநிலையின் அறிகுறிகள் பட்ஜெட்டுக்கு முன்பே தெரிந்தன. தவறு நேர்வது வேறு, தெரிந்த எண்ணை ஒதுக்கிவைப்பது வேறு.

---

பழைய கருவூலம் எழுதியது:

நான் மாவட்டக் கருவூலம் ஒன்றில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆசிரியர் அம்மா சொன்னதோடு இன்னொன்றும் சேர்க்கிறேன். பட்ஜெட்டோடு வரவுகள் பற்றிய தனிப் புத்தகம் ஒன்று வரும். பக்கம் பக்கமாக அட்டவணை. அதைப் படிக்க ஒரு முறை சொல்கிறேன்: கடைசி இலக்கங்களைப் பாருங்கள்.

2018-19க்கு மத்திய அரசின் ஜிஎஸ்டி வருவாய் முதலில் 7,43,900 கோடி என்று போட்டார்கள். திருத்திய மதிப்பீட்டில் 6,43,900 கோடி. சரியாக ஒரு லட்சம் கோடி குறைவு. அந்த 3,900 அப்படியே நிற்கிறது. கம்பெனி வரி 6,21,000 கோடி என்றிருந்தது 6,71,000 ஆனது. சரியாக ஐம்பதாயிரம் கோடி கூடுதல். தனிநபர் வருமான வரி 5,29,000 கோடி, திருத்திய மதிப்பீட்டிலும் அதே 5,29,000.

பத்து மாத வசூலைப் பார்த்து, மீதி இரண்டு மாதத்தைக் கணித்து ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டால் இப்படி முழு எண்கள் விழாது. நான் ஒரு வட்ட அலுவலகத்தின் சம்பளத் தேவையைக் கணக்கிட்டாலே கடைசியில் 347 ரூபாய் என்று ஒட்டிக்கொண்டு வரும். இங்கே நடந்தது வேறு என்றே நினைக்கிறேன். நிதிப் பற்றாக்குறை இவ்வளவுக்குள் நிற்க வேண்டும் என்று முதலில் முடிவாகிறது. செலவைக் குறைக்க மனம் வராது. ஆகவே வரவு அந்த இடைவெளியை அடைக்கும்படி வளைக்கப்படுகிறது. இது என் ஊகம்தான், ஆனால் 31 ஆண்டு பார்த்த கண்ணின் ஊகம்.

ஆண்டு முடிவில் ஜிஎஸ்டி வந்தது சுமார் 5.82 லட்சம் கோடி. ஒரு லட்சம் கோடி குறைத்த பிறகும் மேலும் 62 ஆயிரம் கோடி குறைவு. வருமான வரி சுமார் 4.73 லட்சம் கோடி. தொடாமல் விட்ட எண்ணைவிட 56 ஆயிரம் கோடி குறைவு.

பணம் வராதபோது என்ன செய்வார்கள்? அங்கேதான் சாமர்த்தியம். 2019-20இல் உணவு மானியத்துக்கு 1.84 லட்சம் கோடி ஒதுக்கினார்கள். திருத்தத்தில் அதை 1.09 லட்சம் கோடியாக வெட்டினார்கள். ரேஷன் கடையில் அரிசி நின்றதா? இல்லை. இந்திய உணவுக் கழகம் நெல்லும் கோதுமையும் வாங்கிக்கொண்டுதான் இருந்தது. அரசு தர வேண்டிய பணத்துக்குப் பதிலாகச் சிறுசேமிப்பு நிதியத்திலிருந்து கடன் வாங்கிச் சமாளித்தது. நம் அஞ்சலகச் சேமிப்பில் போட்ட பணம் அது. கடன் உணவுக் கழகத்தின் ஏட்டில் ஏறியதால் அரசின் பற்றாக்குறையில் தெரியவில்லை. 2020-21இல் பழைய பாக்கியைத் தீர்த்து உண்மையை எழுதியபோது, 1.16 லட்சம் கோடி என்று பட்ஜெட்டில் இருந்த உணவு மானியம் 5.41 லட்சம் கோடியில் போய் நின்றது. பாக்கியைத் தீர்த்ததைப் பாராட்டுகிறேன். ஆனால் அத்தனை ஆண்டுகளாக நாடாளுமன்றத்தில் படித்த பற்றாக்குறை எண் எந்த எண்?

---

செங்கல்மணல் எழுதியது:

பெரிய எண்கள் எனக்குப் புரியாது. என் அனுபவத்தைச் சொல்கிறேன். நான் சின்ன ஒப்பந்ததாரர். சிறுபாலம், வடிகால், பள்ளிச் சுற்றுச்சுவர் மாதிரியான வேலைகள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு அரசு அலுவலகத்தின் கீழ் ஒரு சிறுபாலம் கட்டினேன். ஜனவரியில் வேலை முடிந்தது. பொறியாளர் வந்து அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். பில் போனது.

பிப்ரவரி போயிற்று. மார்ச் முழுக்க அந்த அலுவலகத்தின் வேப்பமரத்தடியில்தான் இருந்தேன். என்னைப் போல் இன்னும் பத்துப் பதினைந்து பேர். 'நிதி விடுவிப்பு வரவில்லை' என்ற ஒரே பதில். பட்ஜெட்டில் அந்த வேலைக்குப் பணம் ஒதுக்கியிருந்தது, ஆணை நகல் என் பையில் இருந்தது. மார்ச் 31 இரவு ஒன்பது மணிக்கு எழுத்தர் வெளியே வந்து, 'அடுத்த ஆண்டுக் கணக்கில் பார்க்கலாம் அண்ணே' என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரும் காலையிலிருந்து சாப்பிடாமல்தான் இருந்தார்.

பணம் வந்தது ஆகஸ்டில். அதுவரை கம்பிக் கடைக்காரருக்கும் ஜல்லி லாரிக்காரருக்கும் பதில் சொல்ல முடியாமல் மனைவியின் நகையை அடகு வைத்து வட்டி கட்டினேன். என்னிடம் வேலை பார்த்த கொத்தனார் ஒருவர் வேறு இடத்துக்குப் போய்விட்டார், இன்னும் திரும்பவில்லை.

ஒதுக்கீடு என்று எழுதிவிட்டால் பணம் இருக்கிறது என்றுதான் என்னைப் போன்றவர்கள் நம்பி இறங்குகிறோம். வரவுப் பக்கம் ஒன்று இருப்பதே இன்றுதான் தெரிகிறது.

---

பழைய கருவூலம் எழுதியது:

தம்பி, நீங்கள் வேப்பமரத்தடியில் இருந்த அதே மார்ச் இரவுகளில் நான் உள்ளே இருந்தேன். எங்களுக்கு எழுத்தில் ஆணை எதுவும் வராது. தொலைபேசியில் 'சம்பளம், ஓய்வூதியம் தவிர மற்றதை நிறுத்தி வையுங்கள்' என்று சொல்வார்கள். சரியான பில்லுக்கு ஏதாவது ஒரு குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். குறையே இல்லாத பில்லைத் திருப்பிய நாட்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன. வரவு குறைந்தால் வட்டியை நிறுத்த முடியாது, சம்பளத்தை நிறுத்த முடியாது, ஓய்வூதியத்தை நிறுத்த முடியாது. வரிசையில் கடைசியில் நிற்கிற உங்களைத்தான் நிறுத்த முடியும்.

---

காவிரிக்கரை எழுதியது:

மாநிலத்தில் பணம் இல்லாமல் போவதற்கும் டெல்லியின் கணிப்புக்கும் நேரடித் தொடர்பு உண்டு. மத்திய வரியை மாநிலங்களோடு எப்படிப் பகிர்வது என்று சொல்வது நிதிக்குழு. அப்போது நடப்பில் இருந்த 14ஆவது நிதிக்குழுவின்படி பகிரத்தக்க வரியில் 42 சதவீதம் மாநிலங்களுக்கு. இந்தப் பங்கு ஆண்டுக்கு 14 தவணைகளாக, பட்ஜெட் மதிப்பீட்டை வைத்து வரும். மதிப்பீடு ஊதியிருந்தால் தவணையும் ஊதிவரும். 2018-19இல் அப்படித்தான் மாநிலங்களுக்குக் கூடுதலாகக் கொடுத்துவிட்டார்கள். உண்மை வசூல் தெரிந்ததும் அந்த 58 ஆயிரம் கோடிக்கு மேலான தொகையை அடுத்த ஆண்டுப் பங்கிலிருந்து கழித்தார்கள்.

அந்த அடுத்த ஆண்டிலும் வசூல் விழுந்தது. ஆக, 2019-20இல் மாநிலங்களுக்கு 8.09 லட்சம் கோடி என்று சொல்லிவிட்டு 6.5 லட்சம் கோடிதான் கொடுத்தார்கள். தமிழ்நாட்டின் பங்கு அப்போது 4.023 சதவீதம். பெருக்கிப் பார்த்தால் நமக்கு மட்டும் ஆறாயிரம் கோடிக்கு மேல் துண்டு விழுந்திருக்கிறது. டெல்லி எண்ணை நம்பி மாநிலம் பட்ஜெட் போட்டது, அதை நம்பித் துறைகள் ஆணை கொடுத்தன, ஆணையை நம்பி ஒருவர் நகையை அடகு வைத்தார்.

(செங்கல்மணல் அண்ணனின் பாலம் இதே ஆண்டா என்று தெரியாது. எந்த ஆண்டானாலும் வழி இதுதான்.)

---

தேனி மாணவி எழுதியது:

பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு சந்தேகம், ஐயா. அப்படியானால் எப்போதும் வரவைக் குறைத்தே மதிப்பிட்டால் நல்லதுதானே? வந்தால் லாபம், வராவிட்டால் நட்டமில்லை. 2021-22இல் மொத்த வரி வருவாய் 22.17 லட்சம் கோடி என்று போட்டு 27.09 லட்சம் கோடி வந்தது. அது நல்ல பட்ஜெட் இல்லையா?

---

காவிரிக்கரை எழுதியது:

கூட்டிப் போடுவதைவிட அது மேல், சந்தேகமில்லை. ஆனால் நட்டமில்லை என்று சொல்ல மாட்டேன்.

அந்த ஆண்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 2020 மே மாதத்தில் பெட்ரோல், டீசல் மீதான கலால் வரியைப் பெரிதாக ஏற்றியிருந்தார்கள். 2021 கோடையிலும் மழைக்காலத்திலும் விலை நூறைத் தாண்டியபோது, வரியைக் குறைக்க வருவாய் இடம் கொடுக்காது என்பதுதான் வாதம். நவம்பர் தொடக்கத்தில்தான் பெட்ரோலுக்கு 5 ரூபாயும் டீசலுக்கு 10 ரூபாயும் குறைத்தார்கள். ஏறத்தாழ ஐந்து லட்சம் கோடி கூடுதலாக வரப்போகிறது என்று ஜூனிலேயே மதிப்பீட்டைத் திருத்திச் சொல்லியிருந்தால் அந்த வாதம் நின்றிருக்குமா?

இன்னொன்று, கூடுதலாக வந்த பணத்தை எங்கே செலவிடுவது என்று பட்ஜெட் விவாதத்தில் யாரும் பேச முடியாது, ஏனென்றால் அப்போது அது ஏட்டில் இல்லை. பிறகு துணை மானியக் கோரிக்கையாக, அதாவது ஆண்டின் நடுவே கூடுதல் செலவுக்கு அனுமதி கேட்கும் கோரிக்கையாக வரும். அதை அவை எவ்வளவு வேகமாக நிறைவேற்றும் என்று பார்த்திருப்பீர்கள்.

---

வன்னி மண் எழுதியது:

உங்கள் நாட்டில் கணிப்புத் தவறினால் பில் தாமதமாகிறது. எங்கள் இலங்கையில் என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

2019 கடைசியில் புதிய அரசாங்கம் வந்ததும் வற் வரியை (பொருள், சேவை விற்பனை மீதான மதிப்புக் கூட்டு வரி) 15 வீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தது. தேச நிர்மாண வரியை நீக்கியது. சம்பளத்தில் கழிக்கும் உழைக்கும்போது செலுத்தும் வரியையும் எடுத்துவிட்டது. வற் வரிக்குப் பதிவு செய்ய வேண்டிய ஆண்டு விற்பனை எல்லை 12 மில்லியன் ரூபாயிலிருந்து 300 மில்லியன் ஆனது. வரி குறைந்தால் வியாபாரம் பெருகும், வருமானம் தானாக வரும் என்றார்கள். 2019இல் 1,890 பில்லியன் ரூபாயாக இருந்த அரச வருமானம் 2020இல் 1,368 பில்லியன் ஆகிவிட்டது. 2021இல் வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8.3 வீதம்தான். உலகிலேயே மிகக் குறைந்த விகிதங்களில் ஒன்று.

இவ்வளவையும் பார்த்த பிறகும், 2021 நவம்பரில் நிதியமைச்சர் பசில் ராஜபக்ச முன்வைத்த 2022 பாதீட்டில் (பட்ஜெட்டில்) 2,284 பில்லியன் வருமானம் வரும் என்று எழுதினார்கள். இரண்டு ஆண்டாக விழுந்து கிடக்கும் வருமானம் எப்படி ஒரே ஆண்டில் பாதிக்கு மேல் எழும்பும் என்று கேட்டு யாரும் பாதீட்டை நிறுத்தவில்லை. ஐந்தே மாதத்தில், 2022 ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. நான் கிளிநொச்சியில் மண்ணெண்ணெய்க்கு விடியற்காலை மூன்று மணிக்குக் கான் வைத்து வரிசை பிடித்தவன். வரிசையில் செங்கல்லையும் உடைந்த சட்டியையும் இடம் பிடிக்க வைத்துவிட்டுப் போவார்கள். எனக்கு முன்னால் ஒரு அம்மா தன் செருப்பை வைத்துவிட்டு வெறுங்காலோடு நின்றார்.

---

ஐயம் எழுதியது:

வருத்தமாக இருக்கிறது. ஆனால் அங்கே நேர்ந்தது டாலர் தட்டுப்பாடு அல்லவா? ரூபாய் வருமானக் கணிப்பு சரியாக இருந்திருந்தாலும் டாலர் எங்கிருந்து வந்திருக்கும்?

---

வன்னி மண் எழுதியது:

அண்ணா, இரண்டும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள். வருமானம் விழுந்ததும் கடன் தரமதிப்பீட்டு நிறுவனங்கள் எங்களைக் கீழே இறக்கின. வெளிநாட்டுச் சந்தையில் புதுக் கடன் கிடைக்காத நிலை வந்தது. பழைய கடனைப் புதுக் கடனால் கட்டி வந்த நாடு, கையிருப்பு டாலரை எடுத்துக் கட்டத் தொடங்கியது. உள்நாட்டுச் செலவுக்கு மத்திய வங்கி பணம் அச்சிட்டது. அந்தப் பணம் இறக்குமதியை இழுத்தது, விலையை ஏற்றியது. கொரோனாவால் சுற்றுலா நின்றதும் உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் வரி வருமானம் கையில் இருந்த நாடுகள் அதே கொரோனாவைத் தாண்டி வந்தன.

பிறகு என்ன செய்தார்கள்? வற் வரியை 12 ஆக்கி, 15 ஆக்கி, 2024 ஜனவரியில் 18 ஆக்கினார்கள். வருமானம் 2024இல் 4,000 பில்லியனைத் தாண்டிவிட்டது. சந்தோஷப்படலாம்தான். ஆனால் அன்று எழுதிய பொய்யான எண்ணுக்கு இன்று பால்மா வாங்குகிறவர் கட்டுகிறார்.

---

பழைய கருவூலம் எழுதியது:

பிரிட்டனில் 2010இல் ஒரு ஏற்பாடு செய்தார்கள். வருவாய் எவ்வளவு வரும் என்று கணிக்கிற வேலையை நிதியமைச்சரிடமிருந்து எடுத்துத் தனி அலுவலகத்திடம் கொடுத்தார்கள். வரி விகிதத்தை அமைச்சர் முடிவு செய்யலாம். அதனால் எவ்வளவு வரும் என்று அவர் சொல்ல முடியாது. தன் பழைய கணிப்புகள் எங்கே தவறின, ஏன் தவறின என்று அந்த அலுவலகமே அறிக்கை வெளியிடுகிறது.

2022 செப்டம்பர் 23 அன்று அப்போதைய பிரதமர் லிஸ் டிரஸின் அரசு அந்தக் கணிப்பு இல்லாமலே 45 பில்லியன் பவுண்டு வரிக் குறைப்பை அறிவித்தது. பவுண்டு சரிந்தது, அரசுப் பத்திரங்களின் வட்டி எகிறியது, ஐந்தே நாளில் இங்கிலாந்து வங்கி குறுக்கிட வேண்டியிருந்தது. கணிப்பைப் புறக்கணித்தது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எண்ணைக் காட்டாத அரசை யாரும் நம்பவில்லை.

இந்தியாவில் நிதிப் பொறுப்புச் சட்டத்தை ஆராய்ந்த என்.கே.சிங் குழு 2017லேயே இதுபோன்ற தனி நிதி மன்றம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அவரே தலைமை வகித்த 15ஆவது நிதிக்குழுவும் சொன்னது. இன்னும் அமைக்கவில்லை. அதுவரை ஒன்றாவது செய்யலாம்: ஒவ்வொரு பட்ஜெட்டிலும் கடந்த ஐந்து ஆண்டின் மதிப்பீடு, திருத்தம், உண்மைக் கணக்கு மூன்றையும் ஒரே பக்கத்தில் அச்சிட்டு, வித்தியாசத்துக்கு நான்கு வரியில் காரணம் எழுதலாம். இதற்குச் சட்டம் எதுவும் தேவையில்லை.

---

ஐயம் எழுதியது:

இந்தக் கடைசி யோசனையை முழு மனதோடு ஏற்கிறேன். முதலில் எழுதியதில் 'தவறக்கூடியது' என்ற சொல்லை நான் மிக எளிதாகப் பயன்படுத்திவிட்டேன்.

---

தேனி மாணவி எழுதியது:

ஐயா சொன்ன அந்த ஒரு பக்கத்தை எங்கள் ஊராட்சிக்கு நானே போட்டுப் பார்த்தேன். போன கிராம சபையில் வாசித்த வரவு செலவுத் தாளின் நகல் அப்பாவிடம் இருந்தது. முந்தைய இரண்டு ஆண்டுத் தாளை ஊராட்சி அலுவலகத்தில் கேட்டு வாங்கினேன். மூன்று ஆண்டாக வீட்டுவரி வசூல் மதிப்பீடு ஒரே எண். உண்மையில் வந்தது எந்த ஆண்டும் அதில் முக்கால் பங்கைக்கூடத் தொடவில்லை. மூன்று ஆண்டிலும் முடியாமல் போன வேலை ஒன்றேதான்: எங்கள் தெருவின் குடிநீர்க் குழாய்.

அக்டோபர் 2 கிராம சபையில் இதை எழுந்து கேட்கப்போகிறேன். கேள்வியை எப்படி அமைத்தால் செயலர் மழுப்ப முடியாது என்று ஐயாவும் அம்மாவும் சொல்லுங்கள்.

---

பழைய கருவூலம் எழுதியது:

'ஏன் வசூலாகவில்லை' என்று கேட்காதே அம்மா, அதற்கு நூறு பதில் இருக்கும். 'போன ஆண்டு இவ்வளவுதான் வந்தது என்று தெரிந்தும் இந்த ஆண்டுக்கு இந்த எண்ணை எதை வைத்து எழுதினீர்கள்' என்று கேள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல். எழுதி முடிக்கும்வரை உட்காராதே.

---

செங்கல்மணல் எழுதியது:

குழாய் வேலைக்கு ஒப்பந்தம் எடுத்தவர் யார் என்றும் விசாரித்துப் பாருங்கள் அம்மா. அவருக்கும் பில் நின்றிருக்கும். கூட்டத்துக்கு அவரையும் வரச் சொல்லுங்கள்.